பல்கேரியத் தொன்மங்களுக்குள் நுழைய ஒரு நாட்காட்டி போதும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பல்கேரியாவின் நாட்டார் கதைகள், தொன்மங்கள், குறியீடுகள் பற்றி அறிய ஆசை. கிரேக்கர்களுக்கு ஜீயஸ் மாதிரி இவர்களுக்கு முதன்மைத் தெய்வம் யார்? எங்கிருந்து தொடங்குவது?"

முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு தெய்வப் பட்டியல் பல்கேரியாவுக்குக் கிடையாது. அந்த மண்ணில் முதலில் திரேசியர்கள் இருந்தார்கள். பிறகு ஸ்லாவியர்கள் வந்தார்கள். 681 இல் அஸ்பாரூக் கானின் பல்கர்கள் அரசு அமைத்தார்கள். 9 ஆம் நூற்றாண்டில் முதலாம் போரிஸ் காலத்தில் நாடு கிறித்தவம் ஆனது. ஸ்லாவிய எழுத்து அங்கே வேரூன்றியது அதற்குப் பின்புதான். பழைய வழிபாட்டைச் சேர்ந்த யாரும் தங்கள் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வைக்கவில்லை. 6 ஆம் நூற்றாண்டின் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், ஸ்லாவியர்கள் மின்னலைப் படைக்கும் ஒரு கடவுளை எல்லாவற்றுக்கும் தலைவனாக வணங்குகிறார்கள் என்று குறித்திருக்கிறார். இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

ஆனால் இன்னொன்று அப்படியே பிழைத்து வந்தது. எந்த நாளில், யார், எதைக் கையில் எடுத்து, என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு அது. ஆடு மேய்ப்பவரும் உழவரும் அதை விடவில்லை. தெய்வத்தின் பெயர் மறைந்த இடத்தில் ஒரு புனிதரின் பெயர் வந்து உட்கார்ந்தது, செய்கை மாறவில்லை. அதனால் இரண்டாம் பாதிக்கு என் பதில்: நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். அவர்களின் பழைய ஆண்டு இரண்டே பாதி. மே 6, புனித ஜார்ஜ் நாளான கெர்கியோவ்தென். அன்று கோடை பிறக்கிறது, மந்தை மலையேறுகிறது. அக்டோபர் 26, புனித திமித்ரி நாள். அன்று குளிர்காலம் தொடங்குகிறது, மேய்ப்பர்களின் ஒப்பந்தம் முடிகிறது. கதையில் வரும் ஒவ்வோர் உயிருக்கும் இந்தச் சக்கரத்தில் ஓர் இடம் உண்டு.

மார்ச் 1 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பல்கேரியா முழுக்க, குழந்தை முதல் கிழவர் வரை, சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கையிலோ சட்டையிலோ அணிந்துகொள்கிறார்கள். அதன் பெயர் மார்த்தெனிட்சா. ஆட்டுக்குட்டிக்கும் கட்டுவார்கள், பழமரத்துக்கும் கட்டுவார்கள். கட்டும்போது சொல்லும் வாழ்த்தில் ஒரு கிழவியின் பெயர் வரும்: பாபா மார்த்தா, அதாவது மார்ச் பாட்டி. பன்னிரண்டு மாதங்களில் ஒரே பெண் இவள்தான். மற்ற மாதங்கள் ஆண்கள். ஜனவரியும் பிப்ரவரியும், பெரிய செச்கோ, சின்ன செச்கோ என்ற பெயரில், இவளுடைய அண்ணன் தம்பிகள். அவள் பங்கு திராட்சை மதுவையும் அவர்கள் குடித்துத் தீர்த்துவிடுவதால் அவளுக்குக் கோபம் வரும், பனி கொட்டும். சிரித்தால் வெயில். மார்ச் மாத வானிலையை ஒரு முறை அனுபவித்தவர்கள் இந்தக் கதையை உடனே ஒத்துக்கொள்வார்கள்.

இவளைப் பற்றிய கொடிய கதையும் உண்டு. மாதம் முடியப்போகிறது, வெயில் வந்துவிட்டது என்று நம்பி ஒரு கிழவி தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். "மார்த்தாவும் என்னைப் போல ஒரு கிழவிதானே, அவளால் என்னை என்ன செய்ய முடியும்" என்று வாய்விட்டாள். மார்த்தா ஏப்ரலிடம் சில நாட்களைக் கடன் வாங்கி, பனிப்புயலை இறக்கி, கிழவியையும் ஆடுகளையும் கல்லாக்கிவிட்டாள். அந்த நாட்களுக்குக் 'கடன் நாட்கள்' என்றே பெயர்.

சரி, நூலை எப்போது கழற்றுவது? முதல் நாரையையோ தகைவிலான் குருவியையோ, பூத்த மரத்தையோ பார்க்கும் வரை அணிய வேண்டும். பார்த்ததும் பழமரக் கிளையில் கட்டிவிடுவார்கள். சில ஊர்களில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, சில நாள் கழித்துக் கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள். எறும்பு மொய்த்திருந்தால் அந்த ஆண்டு ஆடுகள் பெருகும், பெரிய வண்டு இருந்தால் மாடுகள் பெருகும். எனக்கு இந்த வழக்கத்தில் மிகப் பிடித்தது இந்தக் கல்தான். ஒரு நூல், ஒரு பறவை, ஒரு எறும்பு, ஒரு வீட்டின் ஆட்டுக் கொட்டில் எல்லாமே ஒரே கேள்விக்குள் வந்துவிடுகின்றன. ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளிலும் இதே நாளில் இதே போன்ற வழக்கம் உண்டு. 2017 இல் யுனெஸ்கோ நான்கு நாடுகளுக்கும் சேர்த்தே இதைப் பண்பாட்டு மரபாகப் பதிந்தது.

அஸ்பாரூக் கான் அனுப்பிய பறவையின் காலில் இருந்த வெள்ளை நூல் இரத்தத்தில் நனைந்து சிவந்தது, அதுவே முதல் மார்த்தெனிட்சா என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படும். தேசிய உணர்வு வளர்ந்த பிற்காலத்தில் பரவிய கதை அது. அண்டை நாடுகளிலும் இதே நூல் இருப்பதே, ஒரு கானின் போர்க்களத்தில் இது பிறந்திருக்க முடியாது என்பதற்குச் சாட்சி.

அப்புறம் ஸ்மெய். இதைப் பறவைநாகம் என்று மொழிபெயர்த்தால் தவறான படம் மனதில் விழும். ஸ்மெய் ஊரின் காவலன். சிறகுள்ள பாம்பு உடலும் மனித முகமும் கொண்டவன், நினைத்தால் அழகிய இளைஞனாக வருவான். மனிதர் கண்ணில் படாமல் நாற்பது ஆண்டு வாழ்ந்த பாம்பு ஸ்மெய் ஆகிவிடும் என்பார்கள். அவனுடைய எதிரி லாமியா. பல தலைகள் கொண்ட இந்தப் பெண் பூதம் ஆற்றையும் ஊற்றையும் அடைத்துவிடும், விளைச்சலைத் தின்றுவிடும். ஆலங்கட்டி மழையைக் கொண்டுவரும் ஹாலாவும் அதன் உறவு. கோடையில் இடி இடித்தால், ஸ்மெய் நம் வயலுக்காக லாமியாவோடு சண்டை போடுகிறான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாட்டுகளில் இந்த வேலையைப் புனித ஜார்ஜும் செய்கிறார். மூன்று தலை லாமியாவை அவர் வெட்டும்போது மூன்று ஆறுகள் பாய்கின்றன: உழவருக்குக் கோதுமை, மேய்ப்பருக்குப் பால், திராட்சை பயிரிடுபவருக்கு மது. ஒரு கிராமப் பொருளாதாரம் முழுவதும் அந்த வெட்டில் இருந்து ஓடி வருகிறது.

இந்தக் காவலனுக்கு ஒரு பலவீனம், காதல். ஸ்மெய் ஒரு பெண்ணை விரும்பிவிட்டால் அவள் தலை வாருவதில்லை, திருவிழா நடனத்துக்குப் போவதில்லை, யாரோடும் பேசாமல் வெளுத்து மெலிவாள். கூரைப் புகைபோக்கி வழியாக இரவில் அவன் வருவது அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தாய் சில மூலிகைகளைக் காய்ச்சி அந்த நீரில் மகளைக் குளிப்பாட்டுவாள். ஸ்மெய்க்கு அந்த வாசனை ஆகாது. பாட்டு ஒன்றில், எந்த மூலிகை இவனை விரட்டும் என்பதை அந்தப் பெண்ணே அவனிடம் தந்திரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். கைவிடப்பட்ட துயரம், நோய், யாரிடமும் சொல்ல முடியாத மனம் இவை எல்லாவற்றுக்கும் அந்தக் கிராமம் வைத்திருந்த பெயர் 'ஸ்மெய் காதல்' என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நாட்காட்டி இங்கேயும் வருகிறது. ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்பு வரும் லாசரஸ் சனிக்கிழமையில், பருவம் எய்திய பெண்கள் மணப்பெண் நகைகளும் பூக்களும் அணிந்து வீடு வீடாகப் பாடி ஆடிப் போவார்கள். லாசருவனே என்று பெயர். இதில் ஆடி முடித்தவளைத்தான் ஊர் திருமண வயதினள் என்று ஏற்கும். ஆடாதவளை ஸ்மெய் தூக்கிப் போய்விடுவான். கதையைத் தனியாகப் படித்தால் அது ஒரு பூதக் கதை. அந்தச் சனிக்கிழமையோடு சேர்த்துப் படித்தால், பெண்ணின் வாழ்வில் ஒரு வாசலை ஊர் எப்படிக் காவல் காத்தது என்பது தெரிகிறது.

சாமோதிவாக்களும் இப்படித்தான். வெள்ளை உடுத்திய காட்டுக் கன்னியர். பழைய மரங்கள், ஊற்றுகள், மலைப் புல்வெளிகள் அவர்கள் இடம். மானின் மேல் சவாரி, பாம்புகளே கடிவாளம். முதல் சேவல் கூவும் வரை வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள். அந்த வட்டத்தை மிதித்தவன் நோயில் விழுவான். அவர்களின் ஆற்றல் முழுக்க ஆடையில் இருக்கிறது. ஒரு சாமோதிவா குளிக்கும்போது ஒரு மேய்ப்பன் அவள் ஆடையைத் திருடி அவளை மணந்துகொள்வான். பிள்ளை பிறக்கும். ஒரு விருந்தில், "என் ஆடையைத் தா, ஒரே ஒரு முறை ஆடிக் காட்டுகிறேன்" என்பாள். கொடுத்ததும் புகைபோக்கி வழியாகப் பறந்துவிடுவாள். வீரன் கிராலி மார்கோ இவர்களில் ஒருத்தியிடம் பால் குடித்துத்தான் மலையைத் தூக்கும் பலம் பெற்றான். வரலாற்றில் அந்த மார்கோ பிரிலெப் நகரின் சிற்றரசர். உதுமானியர்களுக்குக் கப்பம் கட்டியவர், 1395 இல் உதுமானியர் பக்கம் நின்று போரிட்டு இறந்தவர். பாட்டிலோ அவரே மக்களைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கிறார். மக்கள் தங்களுக்குத் தேவையான மார்கோவைத் தாங்களே படைத்துக்கொண்டார்கள்.

சாமோதிவாக்கள் வசந்தத்தில் வந்து, கோடை முடிந்ததும் உலகின் எல்லையிலுள்ள ஸ்மெய்கோவோ என்ற இடத்துக்குத் திரும்புவார்கள். இடையில் ஒரு முக்கிய இரவு உண்டு. ஈஸ்டருக்கு நாற்பதாம் நாளான விண்ணேற்ற விழாவின் முந்தைய இரவு அது. ரோசென் என்ற வாசனைச் செடி அப்போது பூத்திருக்கும். சாமோதிவாக்கள் அதைப் பறிக்க வருவார்கள். எந்த மருந்துக்கும் தீராத நோயாளிகளை உறவினர்கள் அந்தப் புல்வெளிக்குத் தூக்கிப் போய், செடிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைப்பார்கள். ஒருவரும் பேசக் கூடாது. நள்ளிரவில் காற்று வீசும். விடிந்ததும் துணியில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பசிய இலையோ பூவோ என்றால் பிழைப்பார், மண் என்றால் இல்லை. அந்த விடியலை நினைத்துப் பார்க்காமல் சாமோதிவாவை வெறும் அழகிய மோகினிப் படமாக வரைபவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

ஜூன் 24, எனியோவ்தென். அன்று சூரியன் உதிக்கும்போது ஆடி நடுங்கும், மூலிகைகளின் சக்தி உச்சத்தில் இருக்கும். எழுபத்தேழரை மூலிகை பறிக்க வேண்டும். உலகில் எழுபத்தேழரை நோய்கள். எழுபத்தேழுக்குப் பெயர் உண்டு, மீதி அரை பெயர் இல்லாத நோய். இந்த 'அரை'யை யோசித்தவர் யாரோ, பெரிய மனிதர்.

மழை பொய்த்தால் கெர்மன் செய்வார்கள். பெண்கள் களிமண்ணில் ஓர் ஆண் பொம்மை பிடித்து, பூ வைத்து, இறந்தவனைப் போலக் கிடத்தி, உண்மையாகவே ஒப்பாரி வைத்து ஆற்றங்கரையில் புதைப்பார்கள். கெர்மன் வறட்சியால் செத்தான், மழைக்காகச் செத்தான் என்று பாட்டு வரும். அழுகையின் ஈரம் வானத்துக்குப் போக வேண்டும். இன்னொரு சடங்கில் பெப்பெருதா என்ற சிறுமியைப் பச்சை இலைகளால் மூடி, வீடு வீடாக ஆடவிட்டு, அவள் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள்.

அடுத்தது நெருப்பு. தென்கிழக்கில், ஸ்ட்ராந்ஜா மலையில் பல்காரி என்றொரு சிறிய ஊர். புனித கான்ஸ்டன்டைன், ஹெலனா திருநாள் பழைய நாட்காட்டிப்படி அங்கே ஜூன் 3, 4 இல் வருகிறது. புனிதர்களின் திருவுருவப் பலகைகளைச் சிவப்புத் துணி உடுத்தி ஊற்றுக்கு எடுத்துப் போவார்கள். இருட்டியதும் விறகு எரிந்து தணலாகி வட்டமாகப் பரப்பப்படும். மேளமும் தோற்பை இசைக்கருவியான காய்தாவும் ஒலிக்க, நெஸ்தினாரி எனப்படுபவர்கள் பலகையைக் கையில் ஏந்தி வெறுங்காலோடு தணலில் ஆடுவார்கள். நம் வாசகர்களுக்குத் தீமிதி நினைவு வரும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. பல்காரியில் வேண்டுதல் வைத்த எல்லோரும் இறங்கிவிட முடியாது. புனிதர் 'பிடித்தவர்' மட்டுமே இறங்குவார், பெரும்பாலும் குடும்ப வழியாக வரும் அழைப்பு. மலைப்பகுதியின் கிரேக்க ஊர்களிலும் இதே வழக்கம் இருந்தது. 1912–13 இன் பால்கன் போர்களுக்குப் பின் இடம்பெயர்ந்த அந்த ஊர்க்காரர்கள் அதை வட கிரேக்கத்துக்குக் கொண்டுபோய் இன்றும் செய்கிறார்கள். யுனெஸ்கோ 2009 இல் பல்காரி ஊரின் மரபைப் பட்டியலில் சேர்த்தது. கருங்கடல் ஓர விடுதிகளில் இரவு உணவின்போது காட்டப்படும் நெருப்பு நடனத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள்.

குக்கேரி பற்றி இணையத்தில் ஏராளமான படங்கள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டுத் தோலும் மர முகமூடியும் அணிந்து, இடுப்பில் பெரிய மணிகள் கட்டிய ஆண்கள் குளிர்காலக் கடைசியில் தீமையை விரட்டி ஊரைச் சுற்றுவார்கள். பார்ப்பவர்கள் முகமூடியோடு நின்றுவிடுகிறார்கள். இறுதியில் வரும் காட்சிதான் சடங்கின் உயிர்: ஏர் பூட்டி உழுவதாக நடிப்பு, விதைப்பு, கதிர் இவ்வளவு உயரம் வளரட்டும் என்று குதிப்பது, பெண் வேடமிட்ட ஆணோடு போலித் திருமணம். மேற்கே பெர்னிக் வட்டாரத்தில் இது ஜனவரி 13, 14 இல் சுர்வா என்ற பெயரில் நடக்கிறது. பெர்னிக் நகரில் முகமூடி விழா 1966 முதல் நடந்துவருகிறது.

குறியீடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் கவனம் தேவை. எண்முனை நட்சத்திரமான எல்பெத்திட்சாவை வரைந்து, இதன் பொருள் இது என்று அட்டவணை போடும் படங்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் பெரும்பகுதி அண்மைக் காலத்தில் சேர்த்த விளக்கம். உறுதியாகச் சொல்லக்கூடியது, பூத்தையல் எங்கே இருக்கிறது என்பதை. கழுத்து, கைமுனை, கீழ்விளிம்பு. துணி முடிந்து உடல் தொடங்கும் இடங்கள் அவை. தீயது உள்ளே நுழையும் வழிகள் என்று கருதப்பட்ட இடங்களில் ஊசி காவல் வைத்தது. நிறம் பெரும்பாலும் சிவப்பு, மார்த்தெனிட்சாவின் அதே சிவப்பு. வடமேற்கே சிப்ரொவ்ட்சி ஊரில் பெண்கள் செங்குத்துத் தறியில் நெய்யும் விரிப்புகளில் கரகாச்கா என்ற வடிவம் வரும். இடுப்பில் கை வைத்து நிற்கும் கறுங்கண் மணப்பெண் என்கிறார்கள். 2014 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த நெசவு.

குறியீடு எவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்பதற்குக் கொத்தனார்களின் நூலைச் சொல்ல வேண்டும். பாலமோ கோட்டையோ நிற்காமல் சரிந்தால், வழிப்போக்கர் ஒருவரின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். அவர் நாற்பது நாளில் இறந்து, தலசம் என்ற ஆவியாகி அந்தக் கட்டடத்தைக் காப்பார். பழைய பாட்டுகளில் நிழலுக்குப் பதில் தலைமைக் கொத்தனின் மனைவியே உள்ளே வைக்கப்படுகிறாள். பால் குடிக்கும் பிள்ளைக்காக மார்பை மட்டும் மூடாமல் விடுங்கள் என்று அவள் கெஞ்சுவாள். பால்கன் முழுக்க இந்தப் பாட்டு உண்டு. புது வீட்டு வேலை நடக்கும் இடத்தைத் தாண்டும்போது நிழல் விழாமல் பார்த்து நடந்த தலைமுறைகள் இருந்தன.

இந்திய வாசகர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 'வேத ஸ்லோவெனா' என்ற பாடல் தொகுப்பு உங்கள் கண்ணில் படும். ஸ்டெஃபான் வெர்கோவிச் 1874 இலும் 1881 இலும் வெளியிட்டது. விஷ்ணுவின் பெயரெல்லாம் அதன் பாடல்களில் வரும். பல்கேரியாவும் பாரதமும் ஒன்று என்று பேச அதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பாடல்களைச் சேகரித்துக் கொடுத்த பள்ளி ஆசிரியர் பெரும்பகுதியைத் தாமே புனைந்தார் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. அதை அடித்தளமாக வைக்காதீர்கள். நம்பி நிற்க வேறு தொகுப்புகள் உண்டு. மிலாதினோவ் சகோதரர்கள் 1861 இல் சாக்ரெபில் பதிப்பித்த நாட்டுப் பாடல்கள் அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டே அண்ணன் தம்பி இருவரும் இஸ்தான்புல் சிறையில் இறந்துபோனார்கள். 1914 இல் வந்த திமித்தர் மரினோவின் மக்கள் நம்பிக்கைகள் பற்றிய நூல் இன்னொன்று; நாள்வாரியாக யார் என்ன செய்தார்கள் என்று அவர் எழுதி வைத்ததால்தான் நாம் இவ்வளவு பேச முடிகிறது.

நேரில் போக முடிந்தால், ஜனவரி இறுதியில் பெர்னிக் நகரின் முகமூடி விழா, ஜூன் தொடக்கத்தில் பல்காரி. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கொப்ரிவ்ஷ்டிட்சாவில், 1965 இல் தொடங்கிய நாட்டார் கலை விழா. போக முடியாவிட்டால் ஒரு கதையில் தொடங்குங்கள். குழந்தைகளுக்கும் சொல்லலாம்.

சூரியனுக்குத் திருமணம். எல்லா உயிர்களும் விருந்தில். முள்ளெலியை மட்டும் காணோம். தேடிப் போனால் அது ஒரு மூலையில் உட்கார்ந்து கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டார்கள். "இந்த ஒரு சூரியனே இப்படிச் சுடுகிறது. கல்யாணமாகிப் பிள்ளை குட்டிகளாகச் சூரியன்கள் பிறந்தால் புல் பூண்டு மிஞ்சாது. அதற்குத்தான் இப்போதே கல் தின்னப் பழகுகிறேன்" என்றது. சூரியன் அதைக் கேட்டான். திருமணம் நின்றது. கோபம் கொண்ட சூரியனிடமிருந்து தப்பிக்க முள்ளெலிக்கு முள் கிடைத்தது.